சைக்கிளுக்கு ஒரு வாகனம்

பிள்ளையாருக்கு மூஞ்சூறு, முருகனுக்கு மயில், சனீசுவரனுக்குக் காக்கை என்று நம் ஊரில் ஒவ்வொருவருக்கும் ஒரு வாகனம் உண்டு. சைக்கிளுக்கு வாகனம் எது என்று கேட்டால் என்ன சொல்வீர்கள்? "சைக்கிளே ஒரு வாகனமாயிற்றே! அதற்கு எதற்கு இன்னொரு வாகனம்?" என்றுதானே? ஹாலந்துக்குப் போய் வருகிற வரையில் நானும் அப்படித்தான் நினைத்துக் கொண்டிருந்தேன்.

ஹாலந்து என்று நாம் வாய் நிறையச் சொல்லுகிற நெதர்லாந்து தேசத்தின் ஜனத்தொகை ஏறக்குறைய 1 கோடியே 80 லட்சம். சைக்கிள்களின் தொகையோ 2 கோடியே 30 லட்சம்! மனிதர்களைவிடச் சைக்கிள்கள் அதிகம். பள்ளிக்கூடத்துப் பிள்ளையும் சைக்கிளில்தான், பால்காரக் கிழவியும் சைக்கிளில்தான். 2010 முதல் 2024 வரை பிரதம மந்திரியாக இருந்த மார்க் ருட்டேகூடச் சைக்கிளில் ஆபீசுக்குப் போய் வந்தவர்தான்.

இவ்வளவு சைக்கிள் பைத்தியமான ஜனங்கள் விடுமுறை விட்டால் என்ன செய்கிறார்கள் தெரியுமா? சைக்கிளைக் காரில் ஏற்றிக்கொண்டு, சைக்கிள் விடுவதற்கு வேறு ஊருக்குப் போகிறார்கள்! சனிக்கிழமை காலையில் நெடுஞ்சாலையைப் பார்க்க வேண்டுமே! காருக்குள்ளே அப்பா, அம்மா, குழந்தைகள். காருக்குப் பின்னால், கருடசேவைக்கு எழுந்தருளியது போல, இரண்டு மூன்று சைக்கிள்கள். ஆமாம், சைக்கிளின் வாகனம் மோட்டார் கார்தான்.

அந்தப் பின்பக்கத்துப் பீடம் ஒன்றை வாங்குவதில் என் தோழி ஒருத்தியின் குடும்பம் பட்ட பாட்டையும், அதில் நான் கற்றுக்கொண்ட கணக்குப் பாடத்தையும், அதன் புண்ணியத்தில் பார்த்த கடற்கரையையும் பற்றித்தான் இப்போது சொல்லப் போகிறேன்.

அவிழ்ந்த பட்டை

என் தோழி கல்லூரியில் என்னோடு படித்தவள். கல்யாணமாகி உட்ரெக்ட் நகரத்தில் குடித்தனம் செய்கிறாள். கணவர் என்ஜினீயர். பெண்ணுக்குப் பன்னிரண்டு வயது, பிள்ளைக்கு எட்டு. வீட்டில் நாலு சைக்கிள். அவற்றில் பெரியவர்களுடைய இரண்டும் பாட்டரி வைத்த மின்சாரச் சைக்கிள்.

நான் போய் இறங்கிய இரண்டாம் நாள், "இந்த வாரக் கடைசியில் கடற்கரைக்குப் போகிறோம். நீயும் வருகிறாய்" என்றார் அவள் கணவர். "சைக்கிள்களையும் எடுத்துக்கொண்டு" என்று பிள்ளையாண்டான் குதித்தான். என் தோழி முகத்தில் மட்டும் சந்தோஷத்தைக் காணோம்.

இரவு பாத்திரம் கழுவும்போது காரணம் சொன்னாள். போன வருஷம் தெரிந்தவர் ஒருவரிடம் சைக்கிள் தாங்கி ஒன்று இரவல் வாங்கினார்களாம். காரின் டிக்கிக் கதவில் பட்டைகளால் இழுத்துக் கட்டுகிற ரகம். அவசரத்தில் கட்டினார்கள், பாதி வழியில் ஒரு பட்டை நெகிழ்ந்து விட்டது. மணிக்கு நூறு கிலோமீட்டர் வேகத்தில் போகிற சாலையில், சின்னவனுடைய சைக்கிள் கழன்று விழுந்தது!

"பின்னால் வந்த கார்க்காரர் எப்படி ஒடித்துத் திருப்பினாரோ, கடவுளுக்குத்தான் வெளிச்சம். அவர் வண்டியிலும் குழந்தைகள் இருந்தார்கள், தெரியுமோ? யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. என் பிள்ளையின் சைக்கிளினால் இன்னொருத்தி பிள்ளைக்கு ஏதாவது ஆகியிருந்தால்?" என்றாள்.

அவள் கையிலிருந்த தட்டை நான் வாங்கி வைத்தேன். கடைக்குப் போகிற விஷயம் வெறும் சாமான் வாங்குகிற விஷயமல்ல என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

மூன்று ரகம்

சைக்கிளைக் காரில் ஏற்ற மூன்று வழி உண்டு. ஒன்று, கூரைமேல் ஏற்றுவது. பார்க்க அழகுதான். ஆனால் இருபத்தைந்து கிலோ சைக்கிளைத் தலைக்கு மேல் தூக்க பீமசேனன் வேண்டும். அதோடு, மேலே சைக்கிள் இருப்பதை மறந்து தாழ்வான கார் கொட்டகைக்குள் நுழைந்தால், கூரையும் போச்சு, சைக்கிளும் போச்சு.

இரண்டாவது, மேலே சொன்ன பட்டைக் கட்டு. விலை குறைவு, எடையும் குறைவு. ஆனால் ஒவ்வொரு தரமும் சரியாக இழுத்துக் கட்ட வேண்டும். கதவின் வர்ணம் தேயும். கனமான மின்சாரச் சைக்கிளுக்கு இந்த ரகம் ஏற்றதல்ல.

மூன்றாவதுதான் இந்த நாட்டுக் குடும்பங்களுக்குப் பிடித்தமானது. காரின் பின்னால், இழுவை வண்டி பூட்டுவதற்காக ஓர் இரும்புக் கொக்கி இருக்கும். அதன் நுனியில் 50 மில்லிமீட்டர் அளவில் ஓர் உருண்டை, பெரிய எலுமிச்சம்பழம் மாதிரி. ஐரோப்பாவில் எல்லாக் கார்களுக்கும் அந்த உருண்டை ஒரே அளவுதான். இதை 'ட்ரெக்ஹாக்' என்கிறார்கள் டச்சுக்காரர்கள். இந்த உருண்டையைக் கவ்விப் பிடித்துக்கொள்கிற மேடை ஒன்று. மேடையில் தண்டவாளம் போல நீளத் தொட்டிகள். அவற்றில் சைக்கிளின் சக்கரங்களை நிறுத்தி, சட்டத்தை ஒரு கையால் பிடித்து, சக்கரங்களைப் பட்டையால் கட்டிவிட வேண்டும். முழங்கால் உயரத்துக்குத் தூக்கினால் போதும். பெண்பிள்ளைகளால் ஆகிற வேலை.

"நாலு சைக்கிள் பிடிக்கிற மேடை இருக்கிறதாம். அதையே வாங்கிவிடலாம், வேலை முடிந்தது" என்றார் கணவர்.

"முடியவில்லை. முதலில் எடை பார்க்க வேண்டும்" என்றாள் தோழி.

தராசின் மேல் கணவர்

சைக்கிளை எப்படி எடை போடுவது? வெகு சுலபம். வீட்டில் நாம் ஏறி நின்று பெருமூச்சு விடுகிற எடை மிஷின் போதும். முதலில் ஓர் ஆள் ஏறி நின்று தன் எடையைப் பார்த்துக்கொள்ள வேண்டும். பிறகு சைக்கிளைத் தூக்கிக்கொண்டு நிற்க வேண்டும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் சைக்கிளின் எடை.

கணவர் ஏறி நின்றார். பெண் நோட்டுப் புத்தகத்தில் குறித்துக்கொண்டாள். "அப்பா, போன மாதம் வேறே எடை சொன்னீர்களே!" என்று அவள் கேட்டதும், "மிஷின் பழசு" என்று அவர் பேச்சை மாற்றியதும் நமக்குச் சம்பந்தமில்லாத விஷயம்.

கணக்கு இப்படி வந்தது. அவருடைய மின்சாரச் சைக்கிள் 26 கிலோ. தோழியினுடையது 24. பெண்ணுடையது 15. பிள்ளையினுடையது 12. ஆக 77 கிலோ.

அடுத்தபடியாக, தோழி கார்க் கொட்டகையில் மண்டியிட்டுக் குனிந்து டார்ச் விளக்கை அடித்தாள். கொக்கியின் பக்கத்தில் ஒரு சிறிய தகடு. அதில் 'எஸ்' என்ற எழுத்துக்கு எதிரில் 75 என்று பொறித்திருந்தது. அந்த உருண்டை தன் தலையில் 75 கிலோ வரைதான் தாங்கும் என்று அர்த்தம். கார்ப் புஸ்தகத்திலும் அதே எண்தான். இரண்டிலும் வேறு வேறு எண் இருந்தால், குறைந்ததைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டுமாம். சில கார்களுக்கு ஐம்பது, சிலவற்றுக்கு நூறு. காருக்குக் கார் மாறும்.

இங்கேதான் எல்லாரும் ஏமாறுகிறார்கள். 75 கிலோ என்பது சைக்கிளுக்கு மட்டும் அல்ல. மேடையின் எடையும் அதில் சேர்ந்தது! நாலு சைக்கிள் மேடை 22 கிலோ. 77-ஐயும் 22-ஐயும் கூட்டினால் 99. பாட்டரிகளைக் கழற்றிக் காருக்குள் வைத்தால் ஆளுக்கு 3 கிலோ குறையும். அப்போதும் 93!

"பதினெட்டுக் கிலோதானே அதிகம்? இரும்பு தாங்காதா என்ன? நம் ஊரில் ஒரு மொபெட்டில் குடும்பமே போகிறதே!" என்று கணவர் என்னைச் சாட்சிக்கு அழைத்தார். "நீங்களே சொல்லுங்கள்."

எனக்கு என் தாத்தாவின் கிராமம் ஞாபகம் வந்தது. சிறு வயதில் ரயிலடியிலிருந்து மாட்டு வண்டியில் போவோம். நாங்கள் குழந்தைகள் எல்லாம் வேடிக்கை பார்க்கப் பின்பக்கம் போய் உட்காருவோம். உடனே வண்டிக்காரர் குரல் கொடுப்பார்: "பின்பாரமாயிருக்கு, தாயி! கொஞ்சம் முன்னாலே நகருங்க!" பின்னால் பாரம் ஏறினால், முன்னால் நுகத்தடி மேலே தூக்கும், மாட்டின் கழுத்துக் கயிறு இறுகும். வண்டிக்காரருக்கு அது தெரியும்.

காரிலும் அதே கதைதான். கொக்கி, பின்சக்கரத்துக்கும் பின்னால் இருக்கிறது. அங்கே பாரம் ஏற ஏற, முன்சக்கரங்களின் பிடி இலேசாகும். திருப்புகிறதும் முன்சக்கரம், பிரேக்குப் போட்டால் பெரும்பாலும் தாங்குகிறதும் முன்சக்கரம். அது மட்டுமா? நின்ற இடத்தில் 75 கிலோவாக இருப்பது, சாலையில் ஒரு மேடு தூக்கிப் போட்டால் அதைவிட எத்தனையோ மடங்கு அழுத்தும். பல வருஷம் தாங்கின இரும்பு ஒரு நாள் தாங்காமல் போகலாம். அந்த ஒரு நாளில் பின்னால் யார் வருகிறார்களோ!

இதையெல்லாம் நான் சொல்லவில்லை. "பின்பாரம்" என்று மட்டும் சொன்னேன். என்ஜினீயருக்குப் புரிந்து விட்டது. போன வருஷத்துச் சத்தம் அவர் காதிலும் இருந்திருக்க வேண்டும். நோட்டுப் புத்தகத்தை வாங்கிக் கூட்டலை இன்னொரு முறை தாமே போட்டுப் பார்த்தார். "சரி, நாலும் வராது" என்றார்.

கடையில்

மறுநாள் மாலை, நாங்கள் காரிலும் தோழி தன் சைக்கிளிலுமாகக் கடைக்குப் போனோம். இது முதல் யோசனை, குறித்துக்கொள்ளுங்கள்: தாங்கி வாங்கப் போகிறவர்கள் தங்கள் காரையும் சைக்கிளையும் கொண்டுபோக வேண்டும். படத்தைப் பார்த்து வாங்குவது, உடம்பைப் பார்க்காமல் ரவிக்கைத் துணி வெட்டுவது மாதிரி.

ஏன் என்பது உடனே தெரிந்தது. கடைப் பெண் காட்டிய முதல் மேடையின் கைகள், ஆண்கள் சைக்கிளின் மேல் தண்டைப் பிடிப்பதற்காகச் செய்தவை. தோழியின் சைக்கிளோ, பாவாடை கட்டிக்கொண்டும் ஏறலாம் என்கிற வளைந்த சட்டம். மேல் தண்டே கிடையாது. கை எட்டவில்லை! கடைப் பெண் சிரித்துக்கொண்டே வேறொரு மேடையைக் கொண்டுவந்தாள். அதன் கைகள் நீளம். சட்டத்தின் எந்த இடத்தில் வேண்டுமானாலும் திருப்பிப் பிடிக்கலாம். எட்டாத சைக்கிளுக்குத் தற்காலிக மேல் தண்டு ஒன்றும் தனியாக விற்கிறார்கள். சைக்கிளை நிறுத்தாமல், கம்பியில் தொங்கவிடுகிற ரகமும் உண்டு. பெண்கள் சைக்கிளும் குழந்தைகள் சைக்கிளும் உள்ள வீட்டுக்கு அது சரிப்படாது.

இரண்டாவது, மேடையைத் தூக்கிப் பார்த்தாக வேண்டும். அதை மாட்டப் போவதும் கழற்றப் போவதும் நாம்தானே! தோழி தானே தூக்கி, தானே உருண்டையில் வைத்து, தானே நெம்புகோலை அழுத்திப் பூட்டினாள். கணவர் உதவிக்கு வந்தபோது, "நீங்கள் ஆபீசில் இருக்கும்போது யார் கழற்றுவது?" என்று கேட்டு நிறுத்திவிட்டாள். மடித்து வைக்கக்கூடிய மேடையானால் வீட்டில் இடமும் மிச்சம்.

மூன்றாவது, டிக்கி. சைக்கிள்கள் நின்றால் டிக்கிக் கதவைத் திறப்பது எப்படி? நல்ல மேடைகளில் காலால் அமுக்குகிற ஒரு கட்டை இருக்கிறது. அமுக்கினால் மேடை சைக்கிள்களோடு பின்பக்கம் சாய்ந்து வழிவிடுகிறது. சாப்பாட்டுக் கூடையை டிக்கியில் வைக்கிறவர்களுக்கு இது அத்தியாவசியம். டிக்கி தானாகவே திறக்கிற நவீன ரகக் காராக இருந்தால் கூடுதல் ஜாக்கிரதை வேண்டும். மேடை சாயுமுன் கதவு திறந்தால் சைக்கிளில் இடிக்கும்.

நாலாவது, விளக்கு. சைக்கிள்கள் காரின் பின்விளக்குகளையும் நம்பர் பிளேட்டையும் மறைத்துவிடுகின்றன அல்லவா? ஆகவே மேடைக்கென்று தனி விளக்குகள். தனி நம்பர் பிளேட். நெதர்லாந்தில் காரின் பிளேட் மஞ்சள். இதற்குப் போடும் பிளேட் வெள்ளை. எண் மட்டும் அதே எண். விளக்குக்கு மின்சாரம் காரிலிருந்து வருகிறது. அந்த ப்ளக்கில் 7 ஊசி ரகம், 13 ஊசி ரகம் என்று இரண்டு. காரில் ஒன்றும் மேடையில் மற்றொன்றும் இருந்தால் நடுவில் ஓர் இணைப்பான் போட வேண்டும். வாங்கும்போதே கேட்டுவிட்டால் கிளம்புகிற அன்று காலையில் திண்டாட வேண்டாம்.

கடைசியில் எதை வாங்கினார்கள்? இரண்டு சைக்கிள் மேடை. எடை 17 கிலோ. வேண்டும்போது மூன்றாவது தொட்டியைச் சேர்த்துக்கொள்ளலாம். அது 4 கிலோ. ஆக 21. பாட்டரி கழற்றிய தோழியின் சைக்கிள் 21, பெண்ணுடையது 15, பிள்ளையினுடையது 12, அது 48. மொத்தம் 69 கிலோ. 75-க்கு ஆறு கிலோ மிச்சம்! ஒவ்வொரு தொட்டிக்கும் தாங்கும் அளவு தனியாக எழுதியிருக்கிறது. அதையும் பார்த்துக்கொண்டாள்.

"அப்படியானால் என் சைக்கிள்?" என்றார் கணவர், குழந்தை மாதிரி.

"நீங்கள் அங்கே வாடகைக்கு எடுத்துக்கொள்ளுங்கள். இந்த ஊர் வாடகைச் சைக்கிளெல்லாம் ஆறடி மனிதர்களுக்காகச் செய்தது. எனக்குக் கால் எட்டாது" என்றாள் தோழி. உலகத்திலேயே உயரமான ஜனங்களில் டச்சுக்காரர்களும் அடக்கம். அதற்கு மேல் அவரால் வாதாட முடியவில்லை.

கடல் நாட்டுக்கு

சனிக்கிழமை காலை ஆறு மணிக்கே வாசலில் சந்தடி. கனமான சைக்கிள் காருக்கு ஒட்டினாற்போல், அடுத்தது பெண்ணுடையது, இலேசானது கடைசியில். ஒன்றின் ஹாண்டில் பார் மற்றதில் இடிக்காமலிருக்க, ஒன்று கிழக்கே பார்த்தால் மற்றது மேற்கே. கூடை, பம்பு, தண்ணீர்ப் புட்டி எல்லாம் கழற்றி உள்ளே. தோழி ஒவ்வொரு பட்டையையும் இழுத்துப் பார்த்தாள். பிள்ளையாண்டான் அவள் பின்னாலேயே போய், தானும் ஒரு தரம் இழுத்துப் பார்த்தான். விளக்கு எரிகிறதா என்று பார்க்கப் பெண் பின்னால் நின்று, "இடது! வலது! பிரேக்கு!" என்று கூவினாள். தெருவே எழுந்திருக்கும்!

கிளம்பிக் கால் மணி நேரம் ஆனதும் தோழி காரை ஒரு பெட்ரோல் பங்கில் ஓரங்கட்டச் சொன்னாள். எதற்கு என்று பார்த்தேன். இறங்கிப் போய்ப் பூட்டையும் பட்டைகளையும் மறுபடி பார்த்தாள். ஓட்டத்தில் சைக்கிள்கள் ஆடிக் குலுங்கி ஒழுங்காக உட்கார்ந்த பிறகு பட்டை கொஞ்சம் நெகிழுமாம். ஒன்று நெகிழ்ந்துதான் இருந்தது. இறுக்கினாள். திரும்பி வந்து உட்கார்ந்தபோது அவள் முகத்தில் இருந்த நிம்மதியை அன்றைக்குத்தான் முதல் தரமாகப் பார்த்தேன்.

ப்ரேடா நகரம் வரை தெற்கே, பிறகு மேற்கே. இந்தத் தேசத்து நெடுஞ்சாலைகளில் பெரும்பாலும் பகல் வேளையில் மணிக்கு 100 கிலோமீட்டர்தான் உச்ச வேகம்; 2020 முதல் அப்படி. வழியில் ஓர் இடம் வந்தது. யாரும் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் குழந்தைகள் இருவரும் ஏககாலத்தில் திரும்பிப் பின் கண்ணாடி வழியாகப் பார்த்தார்கள். மூன்று சைக்கிள்களும் அசையாமல் நின்றன. அதுதான் அந்த இடம் என்று நான் ஊகித்துக்கொண்டேன்.

ஏறக்குறைய 170 கிலோமீட்டர் கடந்து டொம்பர்க் என்ற கடற்கரை ஊரில் இறங்கினோம். ஸேலந்து மாகாணம். பெயருக்கே 'கடல் நாடு' என்று அர்த்தம். நூறு வருஷத்துக்கு முன்னால் மோண்ட்ரியான் என்ற ஓவியர் வந்து தங்கிப் படம் எழுதிய ஊர் இது. கடலுக்குள் வரிசை வரிசையாக மரக்கம்புகளை நட்டிருக்கிறார்கள், அலையின் வேகத்தைத் தடுக்க. மணல்மேட்டின் மேல் நின்றால் ஒரு பக்கம் கடல், மறு பக்கம் அதைவிடத் தாழ்ந்த வயல்!

கணவருக்கு வாடகைச் சைக்கிள் கிடைத்தது. எனக்கும் ஒன்று கேட்டோம். கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, பள்ளிக்கூடப் பிள்ளைகளின் வரிசையிலிருந்து ஒரு சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார். தோழி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரிக்கட்டும்! கால் எட்டியது.

அன்று மாலை வேரெ என்ற சின்னஞ்சிறு துறைமுகத்துக்குச் சைக்கிளிலேயே போனோம். ஒரு காலத்தில் ஸ்காட்லாந்துக் கம்பளி வியாபாரிகள் வந்திறங்கிய ஊர். அவர்கள் புழங்கிய வீடுகள் இன்றும் தண்ணீரைப் பார்த்தபடி நிற்கின்றன. வழி கேட்க வேண்டிய அவசியமே இல்லை. சைக்கிள் பாதைகள் சந்திக்கிற இடத்துக்கெல்லாம் ஓர் எண் கொடுத்திருக்கிறார்கள். புறப்படுமுன் எண்களை ஒரு சீட்டில் எழுதிக்கொண்டால் போதும். எண்ணைப் பார்த்துப் பார்த்துப் போய்ச் சேரலாம். அங்கங்கே காளான் வடிவத்தில் தரையோடு தரையாகக் கைகாட்டிகளும் உண்டு. 1919-ல் அவற்றை நடத் தொடங்கியது, 1883-ல் சைக்கிள்காரர்கள் சேர்ந்து தொடங்கிய சங்கம். இன்று அதே சங்கம் மோட்டார்க்காரர்களுக்கும் சங்கம். காருக்கும் சைக்கிளுக்கும் இங்கே அப்படி ஓர் ஒற்றுமை!

பசித்தபோது 'போலஸ்' வாங்கித் தின்றோம். பட்டைப் பொடியும் சர்க்கரைப் பாகும் சொட்டுகிற, முறுக்கிச் சுற்றிய ரொட்டி. கை ஒட்டிக்கொள்ளும், விரலைச் சப்பாமல் எழுந்திருக்க முடியாது.

கதவு வைத்த கடல்

இவ்வளவும் வாடகைச் சைக்கிளிலேயே பார்க்கலாமே, காரில் சுமந்து வருவானேன் என்று கேட்பீர்கள். மறுநாள் அதற்கு விடை கிடைத்தது. சைக்கிள்களை ஏற்றிக்கொண்டு வடக்கே இன்னொரு தீவுக்குப் போனோம். ஊஸ்டர்ஸ்கெல்டே என்ற கடற்கழியின் வாயில் கட்டிய பெரிய அணை அங்கேதான் தொடங்குகிறது. வாடகைக் கடை எதுவும் பக்கத்தில் இல்லை. காரை நிறுத்தி, ஐந்து நிமிஷத்தில் சைக்கிள்களை இறக்கினாள் தோழி.

"நீ இந்த ஊருக்குப் புதிது. நீ போய்ப் பார். நாங்கள் காரில் அந்தப் பக்கம் வந்து காத்திருக்கிறோம்" என்று தன் சைக்கிளை எனக்குக் கொடுத்தாள். போன வருஷம் முழுவதும் சைக்கிள் என்றாலே பயந்துகொண்டிருந்தவள், தன் இரண்டு குழந்தைகளையும் என்னோடு அனுப்பி வைத்தாள்!

அணையின் மேல் மோட்டார்களுக்கு ஒரு வழி. சைக்கிளுக்குத் தனி வழி. எதிர்க்காற்று கன்னத்தில் அறைந்தது. பாட்டரி மட்டும் இல்லாவிட்டால் நான் பின்னாலேயே போயிருப்பேன். குழந்தைகளோ, கடற்பறவைகள் மாதிரி குனிந்துகொண்டு காற்றைக் கிழித்துப் போனார்கள்.

1953-ம் வருஷம் ஜனவரி 31 இரவு, புயலும் பொங்கு கடலும் சேர்ந்து இந்த மாகாணத்தின் கரைகளை உடைத்தன. அந்த வெள்ளத்தில் நெதர்லாந்தில் மட்டும் 1,836 பேர் மாண்டார்கள். அதற்குப் பிறகுதான் கழிமுகங்களை ஒவ்வொன்றாக அடைக்கத் தொடங்கினார்கள். இந்த இடத்தையும் ஒரேயடியாக அடைத்துவிடத்தான் முதலில் திட்டம். மீனவர்களும் இயற்கையைப் பேணுகிறவர்களும் எதிர்த்தார்கள். அடைத்தால் உப்புத் தண்ணீர் வராது. சிப்பியும் மீனும் அழியும். ஆகவே கடலுக்குக் கதவு வைத்தார்கள்! 65 பிரம்மாண்டமான தூண்கள். நடுவே 62 இரும்புக் கதவுகள். சாதாரண நாளில் திறந்தே இருக்கும். கடல் தன் இஷ்டம்போல் போய் வரும். தண்ணீர் வழக்கமான மட்டத்துக்கு 3 மீட்டர் மேலே வரும் என்று கணக்குச் சொன்னால் மட்டும் கதவுகள் இறங்கும். 1986 அக்டோபரில் ராணி பியாட்ரிக்ஸ் திறந்து வைத்தார்.

நான் சைக்கிளை நிறுத்தி, கதவுகளின் அடியில் சுழித்துப் பாய்கிற தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இத்தனை பெரிய காரியத்துக்கும் அடியில் இருப்பது ஓர் எண். 3 மீட்டர். 'கொஞ்சம் கூடினால் என்ன?' என்று அங்கே யாரும் கேட்பதில்லை. அந்த இரவை அவர்கள் மறக்கவில்லை. கொக்கியின் பக்கத்துத் தகட்டில் இருந்ததும் அப்படி ஓர் எண்தான்.

"என்ன சித்தி, களைத்துப் போய்விட்டீர்களா?" என்று சின்னவன் திரும்பி வந்தான்.

"இல்லையடா, கண்ணா. கணக்குப் பார்த்துக் கொண்டிருக்கிறேன்" என்றேன்.

அணையின் நடுவில், அதைக் கட்டுவதற்காகவே உண்டாக்கிய தீவு ஒன்று இருக்கிறது. அங்கே காரின் பக்கத்தில் தோழி நின்று கையை ஆட்டினாள். மேடை ஏற்கெனவே விரித்துத் தயாராயிருந்தது. கனமானது முதலில், இலேசானது கடைசியில் என்று மூன்றையும் ஏற்றினோம். இந்த முறை கடைசிப் பட்டையை இழுத்துப் பார்த்தது சின்னவன்தான். "அம்மா, சரியாயிருக்கிறது" என்றான். அவளும் ஒரு தரம் இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் ஏறினாள். தாய் அல்லவா!

நேயர்களே, உங்களில் யாருக்காவது மகனோ மகளோ அந்தப் பக்கங்களில் குடித்தனம் செய்து, "அம்மா, காருக்குச் சைக்கிள் தாங்கி வாங்கப் போகிறோம்" என்று போனில் சொன்னால், விலையைக் கேட்காதீர்கள். எத்தனை சைக்கிள் பிடிக்கும் என்றும் கேட்காதீர்கள். "தகட்டில் என்ன எண் போட்டிருக்கிறது? எடை பார்த்தாயா?" என்று கேளுங்கள். அம்மாவுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்று அசந்து போவார்கள்.

பிள்ளையாரின் கனத்தை ஒரு மூஞ்சூறு தாங்குகிறதென்றால், அது தெய்வ சங்கற்பம். நமக்கெல்லாம் தராசுதான் துணை!